கத்திரி வெயிலில் பிள்ளைகளோடு பத்து நாள்: எங்கே போவது, என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "சென்னையில் அடுக்ககத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்குப் பதினொன்று. மே மாதம் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். போன வருடம் மலைக்குப் போனோம், பாதி நேரம் காரிலேயே கழிந்தது. இந்த முறை ஓட்டம் இல்லாமல், இயற்கையோடு ஒட்டிக் குடும்பமாக இருக்க ஆசை. என் அம்மா கும்பகோணம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். ஆனால் மே மாத வெயிலில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? வேறு எங்கே போகலாம்?"

அம்மா வீட்டுக்கே போங்கள். பத்து நாளையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நாலு கோயில், ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா என்று எதையும் சேர்க்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்கவும் மரம் பார்க்கவும் பல வருடங்களாக அழைத்துப் போகிறவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். புது இடத்துக்குப் போன முதல் நாளில் பிள்ளைகள் இடத்தைப் பார்ப்பதில்லை. கடை, ஓட்டல், படம் எடுக்கும் பாறை, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அதே இடத்துக்கு மூன்றாவது, நான்காவது முறை போகும்போதுதான் "நேத்து இந்தக் கிளையில இலை இல்லையே", "அந்தக் காக்கா ஏன் இங்கேயே சுத்துது" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் தேடுகிற நிதானம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதற்கு ஒரே இடம் வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். பத்து நாளில் ஐந்து ஊர் என்றால் அது நடக்காது.

மலை வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத்தில் ஊட்டியும் கொடைக்கானலும் தாங்க முடியாத கூட்டத்தில் இருக்கின்றன. உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்புக்குள் நிற்கிற வண்டிகளே சாலையை அடைக்கப் போதும். மலை எங்கும் போய்விடாது. மழை ஓய்ந்த பிறகு ஒரு மாதத்தில் போனால் சோலைக்காட்டை அமைதியாகப் பார்க்கலாம்.

சரி, மே மாதத்துக் கிராமத்தில் என்ன இருக்கிறது? வயல் காய்ந்து கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-இல்தான் என்பதால் ஆறும் பெரும்பாலும் மணலாகத்தான் இருக்கும். இதைப் பார்த்துத்தான் "ஒன்றுமே இல்லை" என்று தோன்றுகிறது. ஆனால் மரங்களுக்கும் பறவைகளுக்கும் இது மும்முரமான காலம். புங்கை இளம்பச்சை இலை விட்டுப் பூவைத் தரை முழுக்கக் கொட்டியிருக்கும். சரக்கொன்றை இலையை உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்கும். வேம்பில் பிஞ்சு பிடித்திருக்கும். மாங்காய், நுங்கு, பலா எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். காகம் கூடு கட்டும், குயில் அந்தக் கூட்டுக்கு அலையும்.

எல்லாவற்றுக்கும் முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கோடையில் வெளியே இருப்பதற்கு இரண்டு வேளைதான் உண்டு. விடிவதற்குச் சற்று முன்பிலிருந்து எட்டு, எட்டரை வரை ஒன்று, மாலை ஐந்து மணியிலிருந்து தூங்கும் வரை இன்னொன்று. நடுவில் உள்ளதெல்லாம் நிழலுக்கும் தூக்கத்துக்கும். அக்கினி நட்சத்திரம் ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை பிள்ளைகளை வெயிலில் அலைய விட வேண்டாம். இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். பகல் முழுக்க எங்கும் போக முடியாது என்பதால்தான் இந்தக் கோடை நம்மை உட்கார வைக்கிறது. ஆடு மாடே அந்த நேரத்தில் புளியமர நிழலில் அசை போட்டுக்கொண்டிருக்கும். நாமும் அப்படியே இருக்கலாம்.

காலையிலிருந்து சொல்கிறேன். மொட்டை மாடியிலோ வாசலிலோ படுத்தால் அதிகாலை நாலு, நாலரைக்கே கரிச்சான் குரல் கேட்கும். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். ஊரில் எல்லாருக்கும் முன் எழுகிற பறவை அது. அப்புறம் குயில், அப்புறம் காகம், மைனா, கடைசியாகக் கும்பலாகக் கத்திக்கொண்டு தவிட்டுக்குருவிகள். பிள்ளைகளைக் கண்ணை மூடிப் படுத்தபடியே எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று விரல் மடக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. "டக்கு டக்குன்னு ஒண்ணு", "விசில் மாதிரி ஒண்ணு" என்று அவர்களே பெயர் வைக்கட்டும். அந்த டக்கு டக்கு பெரும்பாலும் செம்மார்புக் குக்குறுவானாக இருக்கும். பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. வெயில் ஏற ஏறத் தட்டான் பட்டறைச் சத்தம் போல விடாமல் ஒலிக்கும். கூப்பிடும்போது வாயைத் திறக்காது, தொண்டை மட்டும் உப்பும். தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே கூப்பிடுவதால் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்றே பிடிபடாது. ஆல், அரசு, அத்தி பழுத்திருந்தால் அங்கே தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

குயிலுக்கும் காகத்துக்கும் நடக்கும் சண்டையை உங்கள் மகன் நிச்சயம் ரசிப்பான். கூவுவது ஆண் குயில், கறுப்பு உடம்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், "கிக் கிக் கிக்" என்று வேகமாகக் கத்தும். பலர் அதை வேறு பறவை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குயில் தானாகக் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். கிராமத்து வேப்பமரத்தில் ஒரு காகக் கூடு கண்ணில் பட்டுவிட்டால் பத்து நாளும் அதைப் பாருங்கள். குயில் நெருங்குவதும், காகங்கள் துரத்துவதும், மறுபக்கமாக வந்து அது காத்திருப்பதும் தினமும் நடக்கும். தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். கூட்டுக்குக் கீழே போய் நின்றால் காகம் தலையில் கொத்தும், அதன் பக்கம்தான் நியாயம்.

ஆறு காய்ந்திருப்பதும் ஒரு வசதிதான். விடிந்த கையோடு ஆற்று மணலுக்குப் போங்கள். காற்று எழும்புவதற்கு முன் இரவில் நடந்த போக்குவரத்து முழுக்க மணலில் எழுதியிருக்கும். கொக்கின் மூன்று விரலும் பின்விரலும், கீரியின் சின்னப் பாதம், நாய், ஆடு, வண்டு இழுத்த கோடு, பாம்பு போன நெளிவு. ஒரு தடத்தைப் பிடித்து அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று போய்ப் பார்ப்பதே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல படிப்பு எனக்குத் தெரியாது. ஈரம் தெரிகிற தாழ்வான இடத்தில் கையால் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வரும், இறைத்துவிட்டுக் காத்திருந்தால் மெதுவாகத் தெளியும். ஆறு மேலே வற்றினாலும் மணலுக்குள் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது பிள்ளைகளுக்குக் கையிலேயே புரியும்.

பகலில் வீட்டுத் திண்ணை போதும். திண்ணை ஓரத்தில், கோயில் மண்டபத்தின் கீழே, மழை படாத பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் குழிகள் இருக்கும். அதற்குள் இருப்பது குழிநரி என்ற பூச்சி. ஒரு துரும்பால் குழியின் விளிம்பைத் தொட்டால் அடியிலிருந்து மண்ணை வீசி எறியும். எறும்பு தவறி விழுந்தால் சரிந்துகொண்டே அடிக்குப் போகும், அங்கே இரண்டு கொடுக்குத் தாடை காத்திருக்கும். இதே பூச்சி வளர்ந்ததும் தட்டானைப் போன்ற மெல்லிய சிறகோடு இரவில் பறக்கும். வெயில் நேரத்தில் ஒரு பிள்ளை ஒரு குழி முன் உட்கார்ந்து எறும்புக்காகக் காத்திருந்தால் அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். சாப்பாட்டுக்குக்கூடக் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிடலாம். மாமரம் இருந்தால் முசுறு எறும்பின் கூட்டையும் காட்டுங்கள். இலைகளை இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் நூலால் இலையோடு இலை தைத்திருக்கும். கை வைக்க வேண்டாம், கடி சுள்ளென்று இருக்கும்.

நண்பகலில் அரை மணி நேரச் சின்ன வேலை ஒன்று உண்டு. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் நீளக் குச்சியை நேராக நிறுத்தி, பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வைத்துவிட்டு நிழலுக்கு ஓடி வந்துவிடலாம். கும்பகோணத்தில் மே மாதத்தில் பன்னிரண்டு பத்து வாக்கில் நிழல் மிகக் குட்டையாகும், அந்த நிழல் தெற்கே விழும். வருடத்தின் பெரும்பகுதி வடக்கே விழுகிற நண்பகல் நிழல் இது. ஏப்ரல் 18, 19 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே காலடியில் மறைந்து, பிறகு சூரியன் வடக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது என்பதற்கு இதுதான் சாட்சி. சென்னையில் இந்த நிழலில்லா நாள் ஏப்ரல் 24-ஐ ஒட்டி வரும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே. ஆகஸ்ட்டில் சூரியன் திரும்பும்போது இன்னொரு முறை வரும். உங்கள் மகன் ஆறாம் வகுப்பு என்றால், பாடப் புத்தகத்துப் படத்தைவிட இந்தச் சாக்பீஸ் புள்ளிகள் அவனுக்கு அதிகம் சொல்லும்.

பாட்டியின் வேலைகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். வடாம் பிழிவது விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. கூழ் கிண்டுவது, பாயிலோ வேட்டியிலோ பிழிவது, பிறகு காகம் வராமல் காவல் இருப்பது, மாலையில் தொட்டுப் பார்த்து "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று சொல்வது. வெயில் ஒரு தொல்லை மட்டும் இல்லை, அதற்கும் வேலை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாது. நுங்கு வெட்டுபவர் வந்தால் தோண்டி விற்பதை வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள். கட்டை விரலால் நோண்டிச் சாப்பிடத் தெரியாத பிள்ளைகள் இப்போது நிறைய. சாப்பிட்டு முடிந்த இரண்டு வெற்றுக் காய்களை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். அதைச் செய்து தர உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள். வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மதியம் பிள்ளைகளுக்கு நினைவில் இருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் வயல் பக்கம் நடங்கள். அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் இந்த மாதங்களில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் ஆட்டு மந்தைகளைக் கிடை போட்டிருப்பார்கள். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு எருவாகும், வயல்காரர் அதற்குக் கூலி தருவார். அடுத்த இரவு அடுத்த வயல். மந்தையை நடத்தும் கீதாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், ஆடுகள் திரும்பி வருவதையும் குட்டிகள் தாயைத் தேடிக் கத்துவதையும் பார்க்கலாம். ஆடுகள் கிளப்பும் பூச்சிக்காக உண்ணிக்கொக்கு கூடவே நடக்கும், கரிச்சான் ஆட்டு முதுகில் சவாரி செய்யும். கிடைக்காரர்கள் ஊர் ஊராக நடந்தே வருகிறவர்கள். எந்த ஊரில் எப்போது புல் இருக்கும், எந்தப் பக்கம் மழை பெய்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.

இருட்டும் நேரத்துக்கென்று சில காட்சிகள் உண்டு. ஊரில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அந்தி சாயும் முன் அதன் கீழே பாய் விரியுங்கள். சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்து, அரை மணி நேரத்தில் மரத்தின் மேல் வானம் தெரிய ஆரம்பிக்கும். புளிய மரமும் அப்படியே இலை மடிக்கும். கொல்லையில் அந்திமந்தாரை இருந்தால் மொட்டு விரிவதை உட்கார்ந்து பார்க்கலாம். இருட்டிய பிறகு நீள உறிஞ்சுகுழலோடு ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து அதே பூவின் முன் அந்தரத்தில் நிற்கும். பெரிய அரச மரமோ மருத மரமோ இருந்து அதில் பழந்தின்னி வௌவால்கள் தங்கியிருந்தால், சூரியன் மறைந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பி ஒரே திசையில் போவதைப் பார்க்கலாம். அவை எந்தத் தோப்புக்குப் போகின்றன என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

இரவு வானம் கிராமத்தின் பெரிய சொத்து, சென்னையில் அது கிடைக்கவே கிடைக்காது. மே நடுவில் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு வயல்வெளியில் நின்று வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் பாதி உயரத்தில் தெளிவாக இருக்கும். அதன் வால் பகுதியின் மூன்று விண்மீன்களில் நடு மீன் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. அருந்ததி தெரிகிறதா என்று எல்லாரும் சொல்லிப் பாருங்கள், யாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்மையாகச் சித்திரை நட்சத்திரம். சித்திரை மாதத்துக்குப் பெயர் கொடுத்த மீன் இதுதான், சித்ரா பௌர்ணமி நிலவு இதன் பக்கத்தில்தான் நிற்கும். இப்போது தெற்கே திரும்புங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறத்தாழ பத்து பாகை. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் நாலு மீன்கள் சிலுவையாக நிற்கும், அதுதான் தென்சிலுவை. தில்லியில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், நமக்கு நன்றாகவே தெரியும். வடக்கே துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். அது எவ்வளவு பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. கும்பகோணத்துக்குப் பதினொன்று, சென்னைக்குப் பதின்மூன்று. பிள்ளைகள் முஷ்டியாலேயே தாங்கள் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று அளந்துவிடலாம். பத்து மணிக்குள் தென்கிழக்கில் விருச்சிகம் முழுவதும் எழும்பிவிடும், நடுவில் சிவப்பாகக் கேட்டை. தேளின் வாலைக் கண்டுபிடிக்கும் வரை உங்கள் மகள் தூங்க மாட்டாள்.

இவ்வளவும் சொன்னேனே தவிர இதை ஒரு பாடத்திட்டமாக்கிவிடாதீர்கள். நாம் செய்கிற பெரிய தொந்தரவு, பிள்ளை எதையாவது உற்றுப் பார்க்கும்போது "அது பேர் என்ன சொல்லு" என்று கேட்பது. கேட்ட உடனே அது பரீட்சையாகிவிடுகிறது. பெயர் பிறகு வரட்டும். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பாட்டியைக் கேளுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள், அதில் அவர்கள் விரும்பினால் வரையட்டும். திருத்த வேண்டாம்.

போன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளிடமிருந்து மட்டும் பிடுங்கி வைத்தால் அது தண்டனை. வீட்டில் எல்லாருடைய போனும் ஒரே அலமாரிக்குப் போக வேண்டும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் உட்பட. அலுவலக அழைப்புக்கு என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாம். வெளியே நடக்கும்போது அவசரத்துக்கு ஒரு போன் பையில் இருந்தால் போதும். படம் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் "போர் அடிக்குது" என்பார்கள். அப்போது உடனே எதையாவது ஏற்பாடு செய்யத் தோன்றும். செய்யாதீர்கள், அந்த அலுப்பு அவர்களுக்குத் தேவை. மூன்றாம் நாள் அவர்களே திண்ணைக்குக் கீழே எதையோ தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

வெளியில் இருப்பதால் உடம்புக்குக் கிடைக்கும் நன்மைகளில் கண் முக்கியமானது. சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த பிள்ளைகளில் மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 39.5 சதவீதம். வெளி வெளிச்சம் கண் விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். நேர் வெயிலில் நிற்கத் தேவையில்லை. மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தளர்வே கூடாது. கோடை விடுமுறையில் நம் ஊரில் பிள்ளைகளை நாம் அதிகம் இழப்பது தண்ணீரில். கிணறு, குளம், கல்குவாரிக் குட்டை, ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில் தேங்கிய நீர், எதிலும் நீச்சல் தெரிந்த பெரியவர் கை எட்டும் தூரத்தில் இல்லாமல் பிள்ளை இறங்கக் கூடாது. மேலே முழங்கால் ஆழம் தெரியும் இடத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் ஆழப் பள்ளம் இருக்கும். நீச்சல் கற்றுத் தருவதாக ஊர்ப் பையன்கள் அழைத்தாலும் நீங்கள் கூடவே போங்கள். இருட்டில் நடக்கும்போது டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம். விறகுக் குவியல், பொந்து, கல் இடுக்கு எதிலும் கை விடக் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட பகுதியை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குடிக்க நீர்மோர், பானைத் தண்ணீர், காலையில் பழைய சோறு. தலைவலி, வாந்தி, வியர்வை நின்று உடம்பு கொதிப்பது, இவை தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு வந்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

பதினொரு வயதுப் பையன் எதற்கும் வர மறுத்தால் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். அவனுக்குப் பொறுப்பு கொடுங்கள். விடியலில் எல்லாரையும் எழுப்புவது, டார்ச் பிடித்து முன்னால் நடப்பது, காகக் கூட்டின் கணக்கை எழுதுவது, பறவைகளுக்கு வைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி வேலையைச் சென்னையிலும் தொடரலாம். அகலமான மண் சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர், நிழலான இடம், தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். உங்கள் பால்கனிக்கு மைனாவும் புறாவும் தவிட்டுக்குருவியும் வரும். சென்னை வீட்டுத் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை இலை, பூ, காய் எப்படி இருக்கிறது என்று குறிப்பதும் நல்ல வழக்கம். சீசன்வாட்ச் என்ற பெயரில் நாடு முழுவதும் பிள்ளைகள் இப்படிக் குறித்து அனுப்புகிறார்கள், அவனும் சேரலாம். கடற்கரையில் ஆமை நடைக்கு மே மாதம் தாமதம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக 1988 முதல் சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவு நடை நடக்கிறார்கள். அடுத்த வருடம் இருவரையும் அழைத்துப் போங்கள்.

விடுப்புத் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் பஞ்சாங்கத்தில் அமாவாசையைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் வருமாறு எடுத்தால் வானம் நன்றாக இருட்டாக இருக்கும். பௌர்ணமி வாரம்தான் கிடைக்கிறது என்றால் நட்சத்திரம் குறையும், அதற்குப் பதில் ஆற்று மணலில் நிலாச்சோறு சாப்பிடலாம். காரில் போகாமல் ரயிலில் போங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, மே மாதத்துக் கும்பகோணம் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதியை முடிவு செய்த அன்றே அதையும் பார்த்துவிடுங்கள்.